மாணவர் ஒன்றியத் தேர்தலில் யார் போட்டியிடலாம்?

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், தமது பீட மாணவர் ஒன்றியத்தின் யாப்பைத் திருத்தும் குழுவில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குப் போட்டியிடுவோர் குறைந்தபட்சம் 3.0 புள்ளிச் சராசரி பெற்றிருக்க வேண்டும், எந்தப் பாடத்திலும் மீள்பரீட்சை இருக்கக்கூடாது, ஒழுக்காற்று விசாரணை எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது, 22 வயதைத் தாண்டியிருக்கக்கூடாது என்று நான்கு நிபந்தனைகளை விதிக்க வேண்டுமெனக் குழுவில் ஒரு சாரார் வற்புறுத்துகிறார்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றமே இத்தகைய விதிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். இவை நியாயமானவையா என்பதையும், தெரிவான பின்னர் ஒருவர் பரீட்சையில் தவறினால் அவருடைய பதவி பறிபோக வேண்டுமா என்பதையும் அவர் அறிய விரும்புகிறார்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதி விதி வேட்பாளரைத் தடுப்பதுபோலத் தோன்றினாலும், அதனால் கை கட்டப்படுபவர் வாக்காளரே. ஐந்நூறு மாணவர்கள் ஒருவரைத் தமது பிரதிநிதியாக விரும்பும்போது, அவர் வேண்டாம் என்று யாப்பு சொல்வதற்கு மிக வலுவான காரணம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காரணங்களாக எனக்குத் தெரிபவை முக்கியமாக மூன்று: அவர் உண்மையில் அந்தப் பீடத்தின் மாணவராக இல்லாதிருத்தல், சக மாணவருக்குத் தீங்கு செய்தார் என்பது முறையாகத் தீர்மானிக்கப்பட்டிருத்தல், முன்னர் வகித்த பதவியின் கணக்கை ஒப்படைக்காதிருத்தல். கெட்டிக்காரரா, பொறுப்பானவரா, வயதில் மூத்தவரா என்ற மற்றெல்லாவற்றையும் வாக்காளர் எடைபோட்டுக்கொள்வார்கள்.

இந்திய உதாரணத்தைச் சரியாக விளங்கிக்கொள்வது முக்கியம். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையிலான குழு 2006இல் முன்வைத்த பரிந்துரைகளை, அதே ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. இளநிலை மாணவர்களுக்கு 17 முதல் 22 வயது வரை, முதுநிலைக்கு 24 அல்லது 25, ஆய்வு மாணவர்களுக்கு 28 என்ற வயதெல்லைகளும், போட்டியிடும் ஆண்டில் பாட நிலுவை இல்லாமையும், 75 வீதம் அல்லது பல்கலைக்கழகம் விதித்த வரவு வீதம் ஆகிய இரண்டில் கூடியதும், முழுநேர மாணவராக இருத்தலும் அவற்றில் அடங்கும். நிருவாகிகள் பதவிக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையே போட்டியிடலாம். குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டிருந்தாலோ தண்டிக்கப்பட்டிருந்தாலோ போட்டியிட முடியாது. இவற்றோடு ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது, அச்சிட்ட சுவரொட்டிகள் கூடாது என்ற விதிகளும் இருந்தன. இந்தப் பின்னைய விதிகளைப் பார்த்தாலே குழு எந்த நோய்க்கு மருந்து தேடியது என்பது புரியும். கட்சிப் பணமும் அடியாட் பலமும் மாணவர் தேர்தல்களைப் பிடித்துவைத்திருந்த சூழலில், படிப்பை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் வளாகத்தில் தங்கியிருந்து அரசியல் செய்வோரை அகற்றுவதே அவர்களின் நோக்கம். ஆனால் அதே விதிகளுடன் பொருந்தவில்லை என்ற காரணத்தால், மாணவர்களே நடத்திவந்த ஒழுங்கான தேர்தல் முறைக்குப் பெயர்போன ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஒன்றியத் தேர்தல் 2008இல் நிறுத்தப்பட்டு, 2012 வரை நடைபெறாமலே இருந்தது. ஆகவே, உச்ச நீதிமன்றம் ஏற்றது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விதியை நமது யாப்பில் எடுத்து ஒட்டிவிட முடியாது.

வயதெல்லையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். நமது நாட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் பெரும்பாலும் 18 அல்லது 19 வயதில் தோற்றுகிறார்கள். பெறுபேறு வந்து, இசட் புள்ளி வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு முடிந்து விரிவுரை மண்டபத்துக்குள் கால் வைக்கும்போது மேலும் ஓராண்டுக்கு மேல் கழிந்திருக்கும். மூன்றாம் தடவையில் மருத்துவமோ பொறியியலோ கிடைத்தவர் முதலாம் ஆண்டிலேயே 22 வயதை எட்டியிருப்பார். பெருந்தொற்றுக் காலமும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் பரீட்சைகளையும் கல்வியாண்டுகளையும் பின்தள்ளியதால் இந்த இடைவெளி இன்னும் நீண்டது. 22 என்ற எல்லையை எழுதிவிட்டால், ஒன்றியத்தை நடத்தும் அனுபவம் வாய்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பெரும்பகுதியினர் ஒரே நாளில் தகுதியற்றவர்களாகிவிடுவார்கள். இலங்கை அரசியலமைப்பின்படி 18 வயது நிரம்பிய வாக்காளர் பாராளுமன்றத்துக்கே போட்டியிடலாம்; அதற்கு உச்ச வயதெல்லை எதுவும் கிடையாது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் 28 ஆண்டுகளுக்குப் பின் 2019இல் மத்திய மாணவர் ஒன்றியத் தேர்தல் நடந்தபோது 30 வயது என்று எல்லை வைத்தார்கள். நமக்கு எந்த எண்ணும் வேண்டாம். நிரந்தர மாணவத் தலைவர்கள் உருவாவதைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், பட்டநெறியின் இயல்பான காலத்துக்கு மேல் ஓராண்டு வரை பதிவிலிருப்பவர் மட்டும் போட்டியிடலாம் என்று எழுதுங்கள். பிள்ளைப்பேறு, நோய் காரணமாக அனுமதியுடன் விடுப்பெடுத்த காலம் அந்தக் கணக்கில் சேராது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

முழுநேர மாணவர் என்ற நிபந்தனையும் இப்படித்தான். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் தொலைக்கல்வி மாணவர்கள். அங்கே அந்த வாசகத்தைச் சேர்த்தால் வேட்பாளரே இருக்கமாட்டார். உங்கள் பீடத்தில் வேலை செய்துகொண்டே படிப்பவர்கள், வெளிவாரி மாணவர்கள் இருந்தால், ஒன்றியச் சந்தா அறவிடப்படும் எவருக்கும் வாக்கும் போட்டியிடும் உரிமையும் உண்டு என்பதே நேர்மையான அளவுகோல்.

புள்ளிச் சராசரியைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேச விரும்புகிறேன். பல பீடங்களில் 3.00 என்பது இரண்டாம் வகுப்புக் கீழ்நிலைச் சித்திக்குரிய எல்லை. சாதாரண சித்தி பெறப்போகும் மாணவர் அனைவரையும் தலைமைப் பதவிக்கு அருகதையற்றவர்கள் என்று அறிவிப்பதற்கு இது சமம். யாருடைய புள்ளிகள் முதலாம் ஆண்டில் சரிகின்றன என்று ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். முல்லைத்தீவிலோ பதுளையிலோ தமிழ் மொழியில் உயர்தரம் படித்துவிட்டு, கொழும்பில் திடீரென ஆங்கில மொழிமூல விரிவுரைகளுக்குள் தள்ளப்பட்டவர். வாடகை அறைக்கும் சாப்பாட்டுக்கும் உழைக்க வெள்ளவத்தையில் மாலை வகுப்பு எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவர். மஹாபொல உதவித்தொகை கிடைக்கப் பிந்தியதால் அரையாண்டு பணமில்லாமல் அலைந்தவர். மொழிமூலம், விடுதி, உதவித்தொகை ஆகியவைதான் ஒன்றியம் நிருவாகத்துடன் பேச வேண்டிய முதன்மையான விடயங்கள். அவற்றால் பாதிக்கப்பட்டவரையே அவற்றைப் பற்றிப் பேசும் பதவிக்கு வரவிடாமல் தடுக்கும் விதியை நான் ஏற்கமாட்டேன். படிப்பைக் கவனிக்காதவர் தலைவராகிவிடுவார் என்ற கவலை நியாயமானதுதான்; அதற்குப் பீடமே ஏற்கெனவே ஒரு வாயிலை வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்குச் செல்லப் பீடம் அனுமதித்து, அந்த ஆண்டுக்கான பதிவைப் புதுப்பித்துக்கொண்ட மாணவர், ஓரிரு பாடங்களில் மீள்பரீட்சை எழுத வேண்டியிருந்தாலும், கல்வி நிலையில் தகுதியானவரே. அதற்கு மேலான அளவுகோலை ஒன்றியம் உருவாக்கத் தேவையில்லை.

நான்கு நிபந்தனைகளில் மிகவும் ஆபத்தானது, நிலுவையிலுள்ள ஒழுக்காற்று விசாரணை பற்றியது. பார்வைக்கு மிகவும் நியாயமாகத் தோன்றுவதும் அதுவே. ஒருவர் மீது விசாரணை தொடங்கும் அதிகாரம் பல்கலைக்கழக நிருவாகத்திடம் இருக்கிறது. அதே நிருவாகத்திடம் கோரிக்கை வைப்பதும், தேவைப்பட்டால் எதிர்த்து நிற்பதும்தான் ஒன்றியத்தின் வேலை. எதிரே அமரப்போகிறவர் யாராக இருக்கக்கூடாது என்பதை ஒரு கடிதத்தின் மூலம் தீர்மானிக்க நிருவாகத்தால் முடியுமென்றால், அந்த ஒன்றியத்தின் சுதந்திரம் வேட்புமனு நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் ஒன்றியங்களுக்கு இடமளிக்கும் அதேவேளை, பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் கேடாக நடக்கும் ஒன்றியத்தை இடைநிறுத்தவும் கலைக்கவும் நிருவாகத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த அளவு அதிகாரம் ஏற்கெனவே ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும்போது, யாப்பின் மூலம் நாமாகவே இன்னும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

நீதிமன்ற வழக்குகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். 2019 மே மாதம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகிப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டதைத் தமிழ் மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளராக இருந்த வசந்த முதலிகே 2022 ஓகஸ்ட் மாதம் கைதாகி, அதே சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டு, 2023 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு நீதவான் நீதிமன்றத்தால் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் வழக்கு நிலுவையில் இருந்தாலே தகுதியில்லை என்ற விதி இருந்திருந்தால், இறுதியில் விடுவிக்கப்பட்ட ஒருவர் அந்த மாதங்கள் முழுவதும் தகுதியற்றவராகவே கருதப்பட்டிருப்பார். குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் நிரபராதியாகவே ஊகிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை சொல்கிறது. பாராளுமன்றத் தேர்தலில்கூட, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்று அனுபவித்துக்கொண்டிருப்பவரும், அதை அனுபவித்து முடித்து ஏழு ஆண்டுகள் கழியாதவருமே பொதுவாகத் தகுதி இழக்கிறார்கள். நாட்டின் சட்டவாக்க சபைக்குப் போதுமான அளவுகோலைவிடக் கடுமையானது ஒரு பீடத்தின் மாணவர் ஒன்றியத்துக்கு எதற்கு?

இங்கே நான் ஒரு விதிவிலக்கை ஏற்கிறேன். அதை மனப்பூர்வமாகவே ஏற்கிறேன். பகிடிவதையும் பாலியல் தொந்தரவும் சக மாணவருக்கு எதிரான குற்றங்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையின் பின் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதை மற்றும் வன்முறைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்தாண்டு வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது; குற்றவாளியான மாணவரைக் கல்வி நிறுவனத்திலிருந்து விலக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இக்குற்றங்களுக்காக நீதிமன்றத்தாலோ முறையான ஒழுக்காற்றுச் சபையாலோ குற்றவாளியாகக் காணப்பட்டவர் அந்தப் பீடத்தில் படித்து முடிக்கும் வரை ஒன்றியப் பதவிக்கு வரக்கூடாது. முறைப்பாடு மட்டும் நிலுவையில் இருந்தால் அவர் போட்டியிடலாம். தெரிவானால், விசாரணை முடியும் வரை, யாப்பில் குறித்த ஒரு கால எல்லைக்குள், முதலாம் ஆண்டு மாணவர்களுடனும் முறைப்பாட்டாளருடனும் தொடர்புடைய கடமைகளை உபதலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும். முறைப்பாட்டாளரைப் பாதுகாக்க இது போதும். வேட்புமனுவுக்கு முதல்நாள் இரவு சோடித்து எழுதப்படும் முறைப்பாட்டால் ஒரு தேர்தலைக் கவிழ்த்துவிடவும் முடியாது. மற்ற ஒழுக்காற்றுத் தண்டனைகளைப் பொறுத்தவரை, தண்டனைக் காலம் முடியும் வரை மட்டும் தகுதியின்மை இருக்கலாம். விசாரணைக்கு முன்னரே இடைக்காலமாக விதிக்கப்படும் வகுப்புத் தடையைத் தண்டனையாகக் கருதக்கூடாது என்பதை யாப்பில் வெளிப்படையாக எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் முதல் சர்ச்சை அங்கேதான் வெடிக்கும்.

உங்கள் குழு பேசாத ஒரு தகுதி விதி உண்டு. எந்த யாப்பிலும் அது எழுதப்பட்டிருக்காது, ஆனால் நமது பல்கலைக்கழகங்களில் எழுதிய விதிகளைவிடப் பலமாக நடைமுறையில் இருக்கிறது. பகிடிவதையை ஏற்க மறுத்த மாணவரை அணியிலிருந்து ஒதுக்கி, சங்கங்களிலும் ஒன்றியப் பதவிகளிலும் அவர் தலைகாட்ட முடியாமற்செய்யும் வழக்கம்தான் அது. இந்த வழக்கம் நீடிக்கும் வரை, 3.0 சராசரி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முழுவதும் பகிடிவதைக்குப் பணிந்தவர்களுக்கிடையிலான விவாதமாகவே இருக்கும். ஆகவே யாப்பின் முதல் வாசகமே, பல்கலைக்கழகப் பதிவு முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாணவரும் வேறெந்த நிபந்தனையுமின்றி ஒன்றியத்தின் முழு உறுப்பினர் என்றும், உறுப்பினர் எவரையும் வேட்புமனுத் தாக்கல் செய்யவிடாமல் மிரட்டுவது, மிரட்டியவரைத் தகுதியிழக்கச் செய்யும் தேர்தல் குற்றம் என்றும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலைவர் பதவிக்கு ஓராண்டுக் கல்வி முடித்திருக்க வேண்டும் என்று வைத்தால் தவறில்லை. செயற்குழுவில் முதலாம் ஆண்டுக்கென ஓரிடம் ஒதுக்குங்கள்.

முன்மொழிபவர்களின் எண்ணிக்கையும் மறைமுகமான ஒரு தகுதி விதியே. கொழும்பின் பல பீடங்களில் தமிழ்பேசும் மாணவர்கள் சிறு தொகையினர். ஒரு வேட்புமனுவுக்கு ஐம்பது கையொப்பம் வேண்டுமென்றால், அவர்களில் ஒருவர் பெரிய அணியொன்றின் தயவில்லாமல் வேட்பாளராகவே முடியாது. ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிந்தால் போதும். அறிவித்தலும் வேட்புமனுப் படிவமும் சிங்களத்திலும் தமிழிலும் வர வேண்டும். இரண்டும் அரசகரும மொழிகள் என்பதால் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டிய அவசியமில்லை. கட்சி உறுப்புரிமையைத் தகுதியின்மையாக்காதீர்கள். சங்கம் சேரும் சுதந்திரம் 14(1)(இ) உறுப்புரையால் உறுதிசெய்யப்பட்டது. கட்சியொன்றில் பதவி வகித்தால் அதை வேட்புமனுவிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்பது போதுமானது.

பதவிக்கால வரம்பு நல்லது, வேண்டியதும்கூட. பிரித்தானியாவின் 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஊதியம் பெறும் ஒன்றியப் பதவியை ஒரு நிறுவனத்தில் ஒருவர் மொத்தம் இரண்டாண்டுகளுக்கு மேல் வகிக்கலாகாது என்கிறது; முக்கிய பதவிகளுக்கு இரகசிய வாக்கெடுப்பையும் அது கட்டாயமாக்குகிறது. ஊதியமில்லாத நமது பதவிகளுக்கும் ஒரே பதவியில் ஒரு முறை, மொத்தத்தில் இரு முறை என்ற வரம்பு பொருந்தும். முன்னர் பதவி வகித்தவர் தமது காலத்துக் கணக்கறிக்கையையும் ஆவணங்களையும் ஒப்படைத்ததற்கான கடிதமில்லாமல் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் முன்வைக்கப்பட்ட நான்கையும்விட இந்த ஒரு விதி ஒன்றியத்துக்கு அதிகம் பயன்படும்.

தகுதியைத் தீர்மானிப்பவர் யார் என்பது எழுதப்படாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்தராது. பதவி விலகும் செயற்குழுவிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பீடாதிபதியிடம் மட்டும் கொடுப்பதும் சரியல்ல. போட்டியிடாத இரு மாணவரும், இரு தரப்பும் ஏற்கும் ஒரு விரிவுரையாளரும் கொண்ட தேர்தல் குழு போதும். பதிவு பற்றிய உறுதிப்படுத்தலைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பெற வேண்டும். புள்ளிகளையோ மருத்துவத் தகவல்களையோ கேட்கக்கூடாது. மனு நிராகரிக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்பட்டு, இரண்டு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வாய்ப்பளித்து, அது முடிந்த பின்னரே வாக்குச்சீட்டு அச்சாக வேண்டும். நிராகரிப்பு பல்கலைக்கழக நிருவாகத்தின் முடிவாக இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதும், அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடுவதும் சட்டத்தில் திறந்திருக்கும் வழிகள். ஆனால் ஓராண்டுப் பதவிக்கு நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் காலம் பிந்தியே வரும் என்பதால், உள்ளக மேன்முறையீட்டை நம்பகமானதாக அமைப்பதுதான் நடைமுறையில் உதவும்.

தெரிவான பின் பரீட்சையில் தவறியவர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தகுதி எந்த நாளில் பார்க்கப்படுகிறது என்பதை யாப்பு சொல்லாததால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. வேட்புமனு ஏற்கும் இறுதி நாளே அந்த நாள் என்று எழுதிவிடுங்கள். அதன் பின் பதவிக்காலம் முழுவதும் தொடர வேண்டியவை இரண்டே: மாணவராகப் பதிவில் இருத்தல், சக மாணவருக்குத் தீங்கு செய்ததாகத் தீர்மானிக்கப்படாதிருத்தல். ஒரு பாடத்தில் தவறுவது இவ்விரண்டையும் பாதிக்காது. ஆகவே பதவி போகாது. பதிவே இரத்தானால் பதவி தானாக வெற்றிடமாகும். ஆறு மாதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் இடைத்தேர்தல், குறைவாக இருந்தால் உபதலைவர். இறுதியாண்டு மாணவர் இடையில் பட்டம் முடித்து வெளியேறுவதற்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

இந்தத் திருத்தம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதையும் கவனியுங்கள். இவ்வாண்டுத் தேர்தலுக்கான அறிவித்தல் ஏற்கெனவே வெளியாகியிருந்தால், புதிய தகுதி விதிகள் அடுத்த தேர்தலுக்கே பொருந்தும் என்று ஓர் இடைக்கால வாசகத்தைச் சேர்க்க வேண்டும். யார் யார் களத்தில் இறங்கப்போகிறார்கள் என்பது தெரிந்த பிறகு எழுதப்படும் தகுதி விதி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், குறிப்பிட்ட ஒருவரை வெளியேற்ற எழுதப்பட்டதாகவே வாசிக்கப்படும். பொதுக்கூட்டத்தில் அதை நிறைவேற்றும் பெரும்பான்மையும் கிடைக்காது.